கடல் ஏன் கத்தரிப்பூ நிறமானது? – அச்சுக் கேள்வி பதில்

போன இதழில் ஆசிரியர் ஒரு மூலையில் "கலர் படம் அச்சில் ஏன் கெட்டுப்போகிறது, கேளுங்கள், பதில் சொல்கிறோம்" என்று நாலு வரி போட்டுவிட்டார். அவ்வளவுதான், கடிதமும் மின்னஞ்சலுமாகக் குவிந்துவிட்டன. பாதி கேள்வி, பாதி திட்டு. நான் நாகர்கோவிலில் ஃபிலிம் ஒட்டிய காலத்தில் ஆரம்பித்து கம்ப்யூட்டரிலிருந்து நேராக அச்சுத் தகட்டில் ஏற்றுகிற இன்றைய சிடிபி பிளேட் வரைக்கும் படத்தை மெஷினுக்குத் தயார் செய்து கொடுக்கிற வேலையில் இருப்பவன். படம் கொடுத்தவரும் என்னைத் திட்டுவார், மெஷின் ஓட்டுகிறவரும் என்னைத் திட்டுவார், அதனால் பழக்கம்தான்.

கன்னியாகுமரியிலிருந்து ஒரு விடுதிக்காரர்: எங்கள் விடுதிக்கு ஆர்ட் பேப்பரில் ஒரு மடிப்பு நோட்டீஸ் அடித்தோம். திருவள்ளுவர் சிலையும் கண்ணாடிப் பாலமும் கடலும் சேர்ந்த படம். செல்போனில் பார்த்தால் கடல் பச்சையும் நீலமுமாக மின்னுகிறது, அச்சில் வானம் கத்தரிப்பூ நிறத்தில் நிற்கிறது, கடல் செத்துக் கிடக்கிறது. பிரஸ்காரர் "நீங்க தந்த படம் அப்படி" என்கிறார். யார் மேல் தப்பு?

மூன்று பேர் மேலும் இருக்கிறது. முதல் ஆள் இயற்கை, அவரைப் பிடித்துக் கேட்க முடியாது, அதனால் அவரிடமிருந்தே தொடங்குகிறேன். செல்போன் திரை தானே ஒரு விளக்கு. சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று வெளிச்சத்தைக் கலந்து காட்டுகிறது, மூன்றும் முழுசாக எரிந்தால் வெள்ளை. இதுதான் ஆர்ஜிபி. காகிதத்துக்கு ஏது விளக்கு? மேலே விழுகிற வெளிச்சத்தில் மை ஒரு பங்கை விழுங்கிக்கொண்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது, அந்த மிச்சத்தைத்தான் நாம் நிறமாகப் பார்க்கிறோம். சயான் (பச்சை கலந்த நீலம்), மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), மஞ்சள் மூன்றையும் ஒன்றின் மேல் ஒன்றாக அடித்தால் கணக்குப்படி கருப்பு வரவேண்டும், நிஜத்தில் வருவது அழுக்குப் பழுப்பு, அதனால்தான் நாலாவதாகக் கருப்பு மை. இந்த நாலும் சேர்ந்ததுதான் சிஎம்ஒய்கே. திரையில் கண்ணைப் பறிக்கிற நீலமும் பச்சையும் பெரும்பாலும் இந்த நாலு மைக்கு எட்டாத நிறங்கள். எட்டாததை, எட்டுகிற நிறங்களில் கிட்டத்தில் இருக்கிற ஒன்றுக்கு இழுத்து வருவதற்குப் பெயர்தான் கன்வெர்ஷன். வேடிக்கை என்னவென்றால் சுத்தமான சயான் மை ஆர்ட் பேப்பரில் காட்டுகிற நிறத்தைச் சாதாரணத் திரையால் காட்ட முடியாது, அதனால் திரை எல்லாவற்றிலும் உசத்தி என்றும் நினைத்துவிட வேண்டாம்.

கடல் கொஞ்சம் மங்கியதை இயற்கையின் கணக்கில் எழுதலாம். வானம் கத்தரிப்பூ ஆனதை எழுத முடியாது, அங்கே யாரோ கோட்டை விட்டிருக்கிறார்கள். சயானும் மெஜந்தாவும் சம அளவில் சேர்ந்தால் நீலம் என்று பாடத்தில் இருக்கும். அச்சு மைகள் அவ்வளவு சுத்தமானவை இல்லை, சமமாகச் சேர்ந்தால் ஊதாதான் வரும். நல்ல ஆழமான நீலம் வேண்டுமென்றால் சயான் 100 சதவீதம் இருக்கிற இடத்தில் மெஜந்தா 70-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மதிய வானத்துக்கு சயான் 60 என்றால் மெஜந்தா 20 போதும், 25 அதிகபட்சம். ஃபோட்டோஷாப்பில் இன்ஃபோ பேனலைத் திறந்துவைத்து வானத்தில் நாலைந்து இடத்தில் மவுஸைக் கொண்டுபோய் எண்ணைப் படியுங்கள். திரை என்ன நிறம் காட்டினாலும் பிளேட்டில் ஏறப்போவது அந்த எண்தான்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். பல வருடங்களுக்கு முன்னால் கடற்கரை ஊர் ஒன்றில் மாதா கோயில் திருவிழாவுக்கு ஃபோர் கலர் நோட்டீஸ், 2000 பிரதி. மாதாவின் நீல முக்காடு திரையில் அழகாக இருந்தது, எண்ணைப் பார்க்காமல் அனுப்பிவிட்டேன். நல்ல ஊதாவில் வந்து இறங்கியது. கத்தோலிக்கர்களுக்குத் தெரியும், ஊதா தவக்காலத்து நிறம். பங்குச் சாமியார் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "திருவிழாவுக்கு முன்னாலேயே தவக்காலம் வந்தாச்சா?" என்று மட்டும்தான் கேட்டார். மறுபடி அடித்த காகிதச் செலவு என் கையை விட்டுப் போனது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். நீங்கள் படத்தை ஆர்ஜிபியாகவே கொடுத்திருப்பீர்கள், பிரஸ்ஸில் பிளேட் போடுகிற கம்ப்யூட்டர் அதற்குத் தெரிந்த ஏதோ ஒரு கணக்கில் தானாக மாற்றியிருக்கும். அடுத்த தடவை பிரஸ்ஸில் இரண்டே கேள்வி கேளுங்கள்: எந்தக் காகிதம், எந்தப் புரொஃபைல். புரொஃபைல் என்றால் இந்த மெஷின், இந்தக் காகிதம், இந்த மை சேர்ந்தால் எந்த எண்ணுக்கு என்ன நிறம் வரும் என்கிற குறிப்பு, அவ்வளவுதான். அவர்கள் முழித்தால் ஆர்ட் பேப்பருக்கு ஃபோக்ரா 39 என்கிற புரொஃபைலை வைத்துக்கொள்ளுங்கள். பல கம்ப்யூட்டர்களில் ஃபோட்டோஷாப் போட்டபடியே அமெரிக்க ஸ்வாப் புரொஃபைலில் கிடக்கும், அது ரீல் காகிதத்தில் ஓடுகிற அவர்கள் ஊர் மெஷினுக்கானது. மாற்றுவதற்கு முன்னால் அந்தப் புரொஃபைலைத் தேர்ந்தெடுத்துவிட்டு கன்ட்ரோல் ஒய் அழுத்திப் பாருங்கள், அச்சில் எப்படி வரும் என்று உத்தேசமாகத் திரையிலேயே காட்டும். மனசு உடையும், ஆனால் 2000 பிரதி அடித்த பிறகு உடைவதற்கு இது தேவலை.

தோவாளையிலிருந்து பூ வியாபாரம் செய்யும் வாசகர்: ஓணத்துக்கு முன்னால் கேரள வியாபாரிகளுக்குக் கொடுக்க ஒரு அட்டை அடித்தோம். கிரேந்தியும் (செண்டுமல்லி) கோழிப்பூவும் வாடாமல்லியும் குவித்த படம். அடித்து வந்ததைப் பார்த்தால் கிரேந்தி களிமண் உருண்டை மாதிரி இருக்கிறது. படத்தை இன்னும் கலர் ஏற்றிக் கொடுத்திருக்க வேண்டுமோ?

ஏற்றியதால்தான் இந்த நிலைமை என்று நினைக்கிறேன். செல்போன் ஏற்கெனவே கலரை ஏற்றித்தான் எடுக்கிறது, அதன் மேல் நீங்கள் சாச்சுரேஷனை இழுத்தால் கிரேந்தி முழுக்க மெஜந்தாவும் மஞ்சளும் உச்சத்தில் போய் முட்டிக்கொள்ளும். எல்லா இதழும் ஒரே எண்ணானால் இதழ் எங்கே தெரியும், உருண்டைதான் தெரியும்.

ஆரஞ்சு நிறத்துக்குத் தேவை மஞ்சள் 100, மெஜந்தா 50 முதல் 60. கெடுப்பது சயான். ஆரஞ்சுக்குள் சயான் பத்து சதவீதம் புகுந்தாலே அழுக்கு ஏறிவிடும், அதுதான் உங்கள் களிமண். ஆனால் சயானை மொத்தமாகத் துடைத்துவிட்டாலும் ஆபத்து, ஏனென்றால் இதழுக்கும் இதழுக்கும் நடுவில் இருக்கிற மடிப்பு நிழல் அந்த சயானிலும் கருப்பிலும்தான் உட்கார்ந்திருக்கிறது. அதனால் வெளிச்சம் விழுகிற இதழ் முனையில் சயான் பூச்சியம், மடிப்பின் அடியில் 20, 25 வரை இருக்கட்டும். செலக்டிவ் கலர் என்கிற வசதியில் சிவப்பையும் மஞ்சளையும் தேர்ந்தெடுத்து சயானைக் குறைத்தால் ஐந்து நிமிட வேலை. அப்புறம் பூவைச் சுற்றி இருக்கிற இலை, கூடை, சாக்கு இவற்றை ஒரு பிடி இருட்டாக்குங்கள். பூவை வெளிச்சமாக்க முடியாதபோது பக்கத்தில் இருப்பதை அடக்கினால் பூ தானாக எழும்பும்.

வாடாமல்லியைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்த நிறம் நாலு கலரில் வராது. மெஜந்தா மை சுத்தமாக விழுந்தால் ஓரளவு கிட்டத்தில் வரும். அதே நிறம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் ஐந்தாவதாகத் தனி மை கலந்து, தனி பிளேட் போட்டு அடிக்க வேண்டும், செலவு அட்டை விலையை விழுங்கிவிடும். கிரேந்தி விற்கிற அட்டைக்கு அது வேண்டாம்.

குளச்சலிலிருந்து பழைய மாணவர் சங்கச் செயலாளர்: எங்கள் பள்ளி மலருக்காக 180 படங்கள் சேர்த்திருக்கிறோம். பாதிப் பேர் வளைகுடாவில் இருக்கிறார்கள், வாட்ஸ்அப்பில்தான் அனுப்பினார்கள். டிடிபி பையன் "படம் தாங்காது அண்ணாச்சி" என்கிறான். போனில் தெளிவாகத்தானே தெரிகிறது, அச்சில் மட்டும் ஏன் தாங்காது?

டிடிபி பையன் சொல்வது சரி. அவனைத் திட்டாதீர்கள்.

வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படமாக அனுப்பினால் நீளப் பக்கம் சுமார் 1600 பிக்சலுக்குச் சுருங்கிவிடும். அச்சுக்கு ஒரு அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும் என்று எல்லோரும் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். 1600-ஐ 300-ஆல் வகுத்தால் ஐந்தே கால் அங்குலம் சொச்சம், அதாவது பதின்மூன்றரை சென்டிமீட்டர். ஆக அந்தப் படம் அரைப் பக்கத்துக்குள் அடங்கும், முழுப் பக்கத்துக்கு இழுத்தால் கிழியும். அதுவும் முழுப் படமாக இருந்தால்தான். முப்பது பேர் நிற்கிற குரூப் படத்திலிருந்து ஒரு முகத்தை மட்டும் வெட்டி எடுத்தால் அந்த முகத்துக்கு 90 பிக்சல் கிடைக்கும், தபால்தலை அளவுக்குக்கூடத் தாங்காது. வாட்ஸ்அப் அளவை மட்டும் குறைப்பதில்லை, ஜேபெக்கை இறுக்கி அமுக்கவும் செய்கிறது, முகத்தின் ஓரத்தில் சதுரம் சதுரமாக அரிசி மணி மாதிரி தெரிகிறதே, அது அந்த அமுக்கலின் தழும்பு.

அந்த 300 எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் எங்கே விட்டுக்கொடுக்கலாம் என்றும் தெரியும். ஆஃப்செட்டில் நிறம் தொடர்ச்சியாக விழுவதில்லை, சின்னதும் பெரியதுமான புள்ளிகளாக விழுகிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் தெரியும். ஆர்ட் பேப்பரில் ஒரு அங்குலத்துக்கு 150 முதல் 175 புள்ளி வரிசை, செய்தித்தாளில் 85 முதல் 100. ஒரு வரிசைக்குப் படத்திலிருந்து ஒன்றரை முதல் இரண்டு பிக்சல் இருந்தால் போதும். 150 வரிசைக்கு இரண்டு மடங்கு 300, அங்கிருந்து வந்ததுதான் அந்த எண். ஆகவே 225 இருந்தாலும் பெரும்பாலான படம் தப்பித்துவிடும், செய்தித்தாள் விளம்பரத்துக்கு 200 தாராளம். 300-க்கு மேல் 600 கொடுத்தால் படம் இரண்டு மடங்கு நன்றாக வரும் என்று நினைப்பவர்களும் உண்டு, ஃபைல்தான் நாலு மடங்கு பெருக்கும்.

இப்போது என்ன செய்யலாம்? அனுப்பியவர்களிடம் அதே படத்தை டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள், அதே வாட்ஸ்அப்பில்தான், ஆனால் சுருங்காமல் வரும். இல்லையென்றால் டிரைவில் போடச் சொல்லுங்கள். 12 மெகாபிக்சல் போன் படம் ஒன்று 4000-க்கு 3000 பிக்சல், 300 கணக்கில் ஏ4 முழுப் பக்கத்தைத் தாண்டி நிற்கும். அனுப்ப முடியாதவர்கள், இறந்துபோனவர்களின் ஒரே படம், இந்த மாதிரி இருந்தால் அவற்றைச் சின்ன அளவில் வையுங்கள், அதற்கு ஏற்ற மாதிரி பக்கத்தை அமையுங்கள். 180 படத்தையும் ஒரே அளவில் போட்டே தீரவேண்டும் என்று கமிட்டி முடிவு செய்திருந்தால் அந்தத் தீர்மானத்தைத் திருத்தச் சொல்லுங்கள், படத்தைத் திருத்துவதைவிட அது சுலபம்.

அதே ஊரிலிருந்து இன்னொருவர்: இணையத்தில் எடுத்த படம் 72 என்று இருந்தது, நான் 300 என்று மாற்றிவிட்டேன். சரியாகிவிடும்தானே?

ஒரு கரண்டி மாவை எடுத்துக்கொண்டு கல் முழுக்கத் தோசை ஊற்றினால் மாவு கூடிவிடுமா? ஃபோட்டோஷாப்பில் படத்தின் அளவைக் காட்டுகிற இடத்தில் ரீசாம்பிள் என்கிற டிக்கை எடுத்துவிட்டு 300 போட்டுப் பாருங்கள், எத்தனை சென்டிமீட்டர் என்று காட்டுகிறதோ அதுதான் உங்கள் படத்தின் உண்மையான அளவு. புதிதாக வந்திருக்கிற ஏஐ கருவிகள் பெரிதாக்கித் தருகின்றன, சுவருக்கும் இலைக்கும் பரவாயில்லை. முகத்துக்குப் போட்டால் யாரோ ஒரு அழகான அந்நியர் வந்து உட்கார்ந்துவிடுகிறார். இணையத்தில் எடுத்த படத்துக்கு உரிமையாளர் ஒருவர் இருப்பார் என்பதையும் மறக்க வேண்டாம்.

தக்கலையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: பத்மநாபபுரம் அரண்மனை பற்றித் துறை மலரில் கட்டுரை எழுதினேன், நானே எடுத்த படங்கள். மரத் தூணில் உள்ள செதுக்கல் எல்லாம் லேப்டாப்பில் நன்றாகத் தெரிந்தது. அச்சில் கருப்பு மை கொட்டினது போல இருக்கிறது, பின் பக்கத்திலும் கறை. கேமராவில் கோளாறா அண்ணாச்சி?

கேமராவில் ஒன்றும் இல்லை மக்களே. மலரை மேப்லித்தோவில், அதாவது பூச்சு இல்லாத காகிதத்தில் அடித்திருப்பார்கள், அதுதான்.

அந்த அரண்மனையை எடுப்பதே கஷ்டம். உள்ளே அரைவெளிச்சம், கறுத்த மரம், கறுத்துப் பளபளக்கிற தரை, ஜன்னலுக்கு வெளியே குமரி வெயில். லேப்டாப் பின்னாலிருந்து வெளிச்சம் அடிப்பதால் இருட்டுக்குள் இருக்கிற செதுக்கலும் தெரிகிறது. மேப்லித்தோ ஊறுகிற காகிதம். மைப்புள்ளி விழுந்த இடத்தில் நிற்காமல் பரவும், இதற்கு டாட் கெயின் என்று பெயர். நல்ல ஆர்ட் பேப்பரிலேயே 50 சதவீதப் புள்ளி காகிதத்தில் 64, 66 மாதிரி தெரியும், செய்தித்தாளில் 75-ஐத் தாண்டும், மேப்லித்தோ இரண்டுக்கும் நடுவில். உன் படத்தில் 80 சதவீதமும் 95 சதவீதமும் வேறு வேறாக இருந்தன, அந்த வித்தியாசம்தான் செதுக்கல். காகிதத்தில் இரண்டும் பரவிப் பரவி ஒன்றாகிவிட்டன.

பின் பக்கக் கறைக்குக் காரணம் மொத்த மை. ஒரு புள்ளியில் நாலு மையின் சதவீதத்தையும் கூட்டினால் வருகிற எண், உச்சபட்சம் 400. திரையில் இருக்கிற முழுக் கருப்பை ஸ்வாப் கணக்கில் மாற்றினால் சயான் 75, மெஜந்தா 68, மஞ்சள் 67, கருப்பு 90, கூட்டினால் சரியாக 300. ஆர்ட் பேப்பர் இதைத் தாங்கும், மேப்லித்தோ 260, 280-க்கு மேல் தாங்காது, செய்தித்தாள் 240. தாங்காவிட்டால் மை காயாது, அடுக்கில் மேலே விழுகிற தாளின் முதுகில் ஒட்டிக்கொள்ளும். மரம், நிழல், தலைமுடி, போலீஸ் யூனிஃபார்ம் எல்லாவற்றிலும் இதே கதைதான்.

அடுத்த தடவை மேப்லித்தோ என்று தெரிந்தால் பூசாத காகிதத்துக்கான புரொஃபைலில் மாற்று, ஃபோக்ரா 47 மாதிரி ஒன்று, மாற்றிய பிறகு மொத்த மையையும் ஒரு தடவை பார்த்துக்கொள். மூன்று கலரைக் கலந்து வருகிற கறுப்புக்குப் பதிலாகக் கருப்பு மையையே அதிகம் பயன்படுத்துகிற முறை ஒன்று இருக்கிறது, ஜிசிஆர் என்பார்கள், அதைக் கொஞ்சம் கூட்டினால் மை மிச்சம், நிறமும் நிலையாக நிற்கும். எல்லாவற்றுக்கும் முன்னால் கர்வ்ஸில் நடுப்பகுதியையும் நிழலையும் லேப்டாப்பில் "ஐயோ வெளுத்துப்போச்சே" என்று தோன்றுகிற அளவுக்குத் தூக்கிவிடு. காகிதம் அதை இருட்டாக்கிக்கொள்ளும். ஜன்னல் வெளிச்சம் வெளுத்துப் போனால் போகட்டும், கட்டுரை தூணைப் பற்றியது.

இரணியல் வாசகர்: ஃபிளக்ஸுக்குச் செய்த டிசைனையே நோட்டீஸுக்குக் கொடுக்கலாமா?

மாப்பிள்ளைக்குத் தைத்த சட்டையைக் குழந்தைக்குப் போடலாமா என்று கேட்கிறீர்கள். படங்களை எடுத்துக்கொள்ளுங்கள், டிசைனைப் புதிதாகச் செய்யுங்கள்.

மார்த்தாண்டத்திலிருந்து தேன் வியாபாரி: பாட்டில் லேபிளில் கரும்பழுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் "சுத்தமான மலைத்தேன்" என்றும் அடியில் சின்ன எழுத்தில் விவரமும் போட்டோம். சின்ன எழுத்தில் புள்ளியெல்லாம் காணோம், எழுத்தின் ஓரத்தில் சிவப்பு தெரிகிறது. ஆங்கில எழுத்து மட்டும் நன்றாக இருக்கிறது.

இந்தத் தொந்தரவு தமிழுக்குக் கொஞ்சம் அதிகம். ஆங்கிலத்தில் ஐ, ஜே இரண்டுக்குத்தான் மேலே புள்ளி, நமக்கு ஒரு வரியில் பத்து. அந்தப் பத்தும் காணாமல் போனால் "சுத்தமான" என்பது "சுததமான" ஆகிவிடும், வாங்குகிறவர் தேனையே சந்தேகப்படுவார்.

நடந்தது இதுதான். உங்கள் பழுப்பு நாலு மையில் கலந்தது. வெள்ளை எழுத்து என்பது மை விழாமல் விட்ட ஓட்டை. நாலு பிளேட்டிலும் அந்த ஓட்டை மயிரிழை பிசகாமல் ஒரே இடத்தில் விழுந்தால்தான் எழுத்து வெள்ளையாக நிற்கும். ஒரு பிளேட் 0.1 மில்லிமீட்டர் நகர்ந்தால்கூட ஓரத்தில் சிவப்போ நீலமோ எட்டிப்பார்க்கும். எழுத்தின் புள்ளியே மிகச் சின்னது என்பதால் புள்ளி முழுசாக மூடிப்போகும், மை பரவுவது வேறு சேர்ந்துகொள்ளும். அதனால் சின்ன எழுத்தை வெள்ளையில் விட வேண்டாம், விட்டே ஆகவேண்டுமென்றால் பின்னணியை இரண்டு மையில் அமையுங்கள்.  எழுத்து எட்டு பாயின்டுக்குக் குறையாமல், கனமான எழுத்தாக, புள்ளி பெரிதாக இருக்கிற ஃபான்டாகப் பாருங்கள்.

கருப்பு எழுத்துக்கும் இதே விதி தலைகீழாக. எழுத்து கருப்பு மையில் மட்டும் 100, மற்ற மூன்றும் பூச்சியம், அடியில் கலர் இருந்தால் அதன் மேலேயே அடிக்கிற ஓவர்பிரின்ட். ஃபோட்டோஷாப்பில் எழுத்தைத் தட்டி ஆர்ஜிபியிலிருந்து மாற்றினால் மேலே மாணவிக்குச் சொன்ன அந்த நாலு மைக் கருப்பு எழுத்துக்கும் வந்துவிடும், பேய் நிழல் மாதிரி இரட்டை இரட்டையாகத் தெரியும். படத்தை ஃபோட்டோஷாப்பில் முடித்துக்கொண்டு எழுத்தைக் கோரலிலோ இன்டிசைனிலோ வையுங்கள், கடைசியில் கர்வ் ஆக்கி, அதாவது எழுத்தை வெறும் வடிவமாக மாற்றிக் கொடுங்கள். பழைய தமிழ் ஃபான்ட் பிரஸ் கம்ப்யூட்டரில் இல்லாமல் போய் லேபிள் முழுக்க கிறுக்கல் வந்த கதை ஆளுக்கு ஒன்று வைத்திருக்கிறோம்.

திங்கள்சந்தையிலிருந்து ஸ்டுடியோ உரிமையாளர்: கல்யாண அழைப்பிதழில் மணமக்கள் முகம் தக்காளி மாதிரி வந்துவிட்டது.

மெஜந்தா அதிகம். நம்மவர் முகத்தில் மஞ்சள் எப்போதும் மெஜந்தாவைவிடக் கொஞ்சம் கூட இருக்கவேண்டும், சயான் மெஜந்தாவில் பாதிக்குப் பக்கம். மாநிறத்துக்கு நான் வைப்பது சயான் 28, மெஜந்தா 50, மஞ்சள் 60, கருப்பு 5, அங்கிருந்து ஆளைப் பார்த்துக் கூட்டிக் குறைப்பேன். முகம் சிவக்கிறது என்றால் மெஜந்தாவைக் குறைப்பதைவிட சயானைக் கொஞ்சம் ஏற்றிப் பாருங்கள், அடங்கிவிடும். நீங்கள் முகத்தை வெளுக்க வைத்தீர்கள் என்றால் சயான்தான் முதலில் போயிருக்கும், மிச்சம் இருக்கிற ரோஸ் மட்டும் மெஷினில் பெருகித் தக்காளியாகிவிட்டது. மணமக்களை அவர்கள் நிறத்திலேயே விட்டுவிடுங்கள், அச்சு ஒழுங்காக வரும், சொந்தக்காரர்களுக்கும் அடையாளம் தெரியும். பட்டுச் சேலைச் சரிகை மின்னாது, அதற்குத் தங்க மையோ ஃபாயிலோ வேண்டும். மேட் லேமினேஷன் போடுகிறீர்கள் என்றால் நிறம் இன்னும் ஒரு படி அடங்கும், முன்கூட்டியே கொஞ்சம் தூக்கி வையுங்கள்.

சுசீந்திரத்திலிருந்து ஒரு வாசகர்: மார்கழித் தேரோட்டப் படம் ஒன்று, பழைய பத்திரிகையில் வந்தது, ஸ்கேன் செய்து மலரில் போட்டோம். படம் முழுக்கக் கட்டம் கட்டமாக ஒரு கோலம் தெரிகிறது.

இரண்டு கொசுவலையை ஒன்றின் மேல் ஒன்று போட்டுப் பாருங்கள், அலை அலையாக ஒரு கோலம் தெரியும். பத்திரிகைப் படம் ஏற்கெனவே புள்ளிகளால் ஆனது, அதன் மேல் நாங்கள் மறுபடி புள்ளி போடுகிறோம். நாலு கலரில் சயானை 15 டிகிரி, கருப்பை 45, மெஜந்தாவை 75, மஞ்சளைப் பூச்சியம் என்று சாய்த்து வைப்பதே இந்தக் கோலம் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கத்தான், நீங்கள் ஐந்தாவதாக ஒரு வலையைக் கொண்டுவந்தால் சமாளிக்க முடியாது. ஸ்கேனரில் டீஸ்கிரீன் என்று ஒரு வசதி இருக்கும், அதைப் போட்டு 600-இல் ஸ்கேன் செய்து, லேசாக மங்கவைத்து, அப்புறம் அளவைச் சுருக்குங்கள். புள்ளி போகும், கொஞ்சம் கூர்மையும் போகும். படம் எடுத்தவர் வீட்டில் ஒரிஜினல் பிரின்ட் இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

குலசேகரத்திலிருந்து: ஒரே ஃபைல், ஒரே பிரஸ். பங்குனியில் அடித்த காலண்டர் அட்டை ஷார்ப்பாக இருந்தது, ஐப்பசியில் மறுபடி அடித்தால் எல்லா ஓரத்திலும் கலர் விலகி நிற்கிறது. ஃபைல் கெட்டுப்போகுமா?

ஃபைல் கெடாது, காகிதம் ஊறும். நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு மழையும் உண்டு, உங்கள் பக்கம் மலையடிவாரம் வேறு. காகிதம் காற்றிலிருக்கிற ஈரத்தைக் குடித்து விரிகிறது. போதாததற்கு ஆஃப்செட் என்பதே தண்ணீரும் மையும் ஒட்டாது என்கிற சூத்திரத்தில் ஓடுகிற வேலை, பிளேட்டில் தடவுகிற தண்ணீரும் பிளாங்கெட் என்கிற ரப்பர் விரிப்பு வழியாகக் கொஞ்சம் காகிதத்துக்குப் போகிறது. நாலு கலரும் ஒரே ஓட்டத்தில் விழுகிற மெஷின் என்றால் பெரிதாகத் தெரியாது. சின்ன பிரஸ்ஸில் இரண்டு கலர் மெஷினில் இரண்டு தடவை ஓட்டுவார்கள், முதல் இரண்டு கலர் இன்றைக்கு, மற்றது நாளைக்கு. ராத்திரி மழை பெய்தால் நேற்று அடித்த தாளின் அளவே வேறு. காகிதத்தைக் கட்டுப் பிரிக்காமல் முந்தின நாளே மெஷின் அறையில் வைக்கச் சொல்லுங்கள், இரண்டு ஓட்டத்துக்கும் நடுவில் பிளாஸ்டிக்கால் மூடச் சொல்லுங்கள். உங்கள் பங்குக்கு டிசைனில் மெல்லிய கோடுகளை ஒரே மையில் வையுங்கள்.

நாகர்கோவில் வடசேரி வாசகர்: படத்தை ஜேபெக்கில் தரலாமா, டிஃப்பா, பிடிஎஃப்பா? புரூஃப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகும் நிறம் மாறுகிறதே, ஏன்? இதற்குப் பேசாமல் சிவகாசிக்கே கொடுத்துவிடலாமா?

ஜேபெக் கெட்ட சாதி இல்லை. உயர்ந்த தரத்தில் ஒரு தடவை சேமித்த ஜேபெக்கை யாராலும் குறை சொல்ல முடியாது, ஆனால் திறந்து திருத்திச் சேமித்து, மறுபடி திறந்து திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் உதிரும். வேலை நடக்கும்வரை டிஃப் அல்லது பிஎஸ்டி, முடிந்த பக்கம் அச்சுக்கென்றே உள்ள பிடிஎஃப் எக்ஸ்-1ஏ, வெட்டுகிற ஓரத்தில் நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் பிளீட், அதாவது வெட்டும்போது போகிற கூடுதல் ஓரம். ஆர்ஜிபி அசலை அழிக்காதீர்கள், சிஎம்ஒய்கே ஆக்கியதைத் திருப்பி ஆர்ஜிபி ஆக்கினால் போன நிறம் வராது. ஷார்ப்பன் செய்வது கடைசியில், அச்சிடப்போகிற அளவுக்குக் கொண்டுவந்த பிறகு, திரையில் கொஞ்சம் அதிகம் என்று தோன்றுகிற அளவுக்கு.

புரூஃப் என்று உங்களுக்குக் காட்டியது எது? கடையில் இருக்கிற கலர் ஜெராக்ஸில் எடுத்த தாள் என்றால் அது எழுத்துப் பிழை பார்க்க மட்டும்தான், வேறு மை, வேறு காகிதம், வேறு மெஷின். அதில் நிறம் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் கையெழுத்துக்கு மதிப்பில்லை. உங்கள் காகிதத்தின் புரொஃபைலில் எடுத்த இங்க்ஜெட் புரூஃப் கேளுங்கள், அட்டைப் படத்துக்காவது கேளுங்கள். அதையும் மஞ்சள் பல்புக்கு அடியில் வைத்துப் பார்க்க வேண்டாம், அச்சுத் தொழிலில் நிறம் பார்க்க 5000 கெல்வின் வெளிச்சம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்த விளக்கு இல்லையென்றால் காலை பதினொரு மணிக்கு வெளித்திண்ணை நிழலில் வைத்துப் பாருங்கள், நேர் வெயிலில் அல்ல. முடிந்தால் மெஷின் ஓடுகிற அன்றைக்குப் போய் நில்லுங்கள். மெஷின்மேன் முதல் ஐம்பது, நூறு தாளைத் தள்ளிவிட்டுத்தான் நிறத்தைப் பிடிப்பார், அந்த நேரத்தில் மெஜந்தாவைக் கொஞ்சம் இறக்கச் சொன்னால் இறக்குவார். பிளேட் போட்ட பிறகு அதற்கு மேல் யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

சிவகாசிக்குத் தாராளமாகக் கொடுங்கள், பத்தாயிரம் பிரதிக்கு மேல் என்றால் நானே அங்கேதான் அனுப்புவேன், பெரிய மெஷின், விலையும் குறையும். 500 அழைப்பிதழுக்குப் பஸ் ஏறிப் போக வேண்டாம். லண்டன் மிஷன்காரர்கள் 1820களிலேயே அச்சுக்கூடம் நடத்திய ஊர் இது, இங்கேயும் கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். எங்கே கொடுத்தாலும் வானத்தில் மெஜந்தா எவ்வளவு என்று ஒரு தடவை பார்த்துவிட்டுக் கொடுங்கள்.